அலைச்சறுக்கு வகுப்பில் என் பெயர் இல்லை

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள எங்கே போகலாம் என்று ஒரு மாதம் தேடியது நான்தான். பாலிக்குச் செலவு அதிகம். இலங்கையில் வெலிகமா கடலில் அலை சிறியது, அடியில் மணல், புதியவர்களுக்கு ஏற்ற இடம் என்று கண்டுபிடித்ததும் நான்தான்.

எங்கள் லிங்கராஜபுரத்து டிராவல்ஸ் ஆபீசில் என் கணவர் அங்கிருந்த பெண்ணிடம், "கிளாஸ் ரெண்டு பேருக்குப் போடும்மா. எனக்கும் பையனுக்கும்" என்றார்.

"அப்ப நான்?"

"நீயும் தண்ணில இறங்கிட்டா செருப்பு, போன் எல்லாம் யாரு பாத்துக்கறது?"

மகன் சிரித்தான். "நீ வீடியோ எடும்மா. அதான் உனக்கு செட் ஆகும்."

மெரினா, கோவா, மல்பே என எந்தக் கடற்கரைக்குப் போனாலும் எனக்கு இதே வேலைதான். எனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று இவர்கள் சொல்லிச் சொல்லி, நானும் நம்பிவிட்டேன்.

கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த ஆபீஸ் பெண் நிமிராமலே கேட்டாள்: "அங்க லாக்கர் இருக்கு ஆன்ட்டி. மூணு பேருக்குப் போடட்டா?"

"போடு" என்றேன்.

பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு இரும்புப் பெட்டி செய்கிற வேலைக்காக இத்தனை வருடம் என்னைக் கரையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.