பிரசங்கத்துக்குப் பதில் சொன்னவர்

எங்கள் சபையில் இஸ்திரிக்காரர் ஒருவர் இருந்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ரகம். பிரசங்கத்தில் போதகர் கேட்கும் கேள்வியெல்லாம் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, எழுந்து நின்று பதில் சொல்லிவிடுவார். "பாரம் சுமக்கிறவர்கள் இங்கே உண்டா?" என்று போதகர் குரலை ஏற்றினால், மூன்றாவது பெஞ்சிலிருந்து, "ஆமாங்கய்யா, என் வீட்டுக்காரிக்கு ரெண்டு வருஷமா நடமாட்டம் இல்லீங்க" என்று வரும். பாடகர் குழுவினர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்குப் பதில்காரர் என்று பெயர் வைத்தது நான்தான். சபைச் செயலாளருக்கு வேறென்ன வேலை?

பேராயர் எங்கள் சபைக்கு வந்த ஞாயிறன்று, ஆராதனைக்கு முன்பே பதில்காரர் வாசலில் என்னை மறித்தார். முதல்நாள் இரவு தேய்த்த போதகரின் அங்கி அவர் கையில் இருந்தது. முகம் மட்டும் கசங்கிப் போயிருந்தது.

"சார், அவளுக்கு மூச்சு இழுக்குது. பக்கத்து வீட்டம்மாவை உக்கார வெச்சுட்டு வந்தேன். ஐயா ஒரு எட்டு வந்து நற்கருணை குடுத்தா நிம்மதியாப் போவா. அதைத்தான் கேக்கறா."

அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போதகருக்கு இருபது நிமிஷம் போதும். எனக்கோ பேராயர் முன்னால் சபை மானம் கப்பலேறிவிடுமோ என்பதுதான் கவலை.

"ஆராதனை முடியட்டும். நானே ஐயாவைக் கூட்டிட்டு வரேன். ஆனா இன்னைக்கு நீங்க வாயைத் திறந்தீங்கன்னா அவர் உங்க வீட்டுப் பக்கமே வரமாட்டார்."

"திறக்கலைன்னா வந்துருவாருல்ல?"

"வருவார்."

"அப்பச் சரிங்க சார். அதுவரைக்கும் ஆண்டவர் அவளைப் பாத்துப்பார்." அங்கியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

பேராயர் அன்று பேசியது குழந்தைகளின் விசுவாசத்தைப் பற்றி. தகப்பனிடம் கேட்கப் பிள்ளை வெட்கப்படாது, அப்படிப்பட்ட விசுவாசம் இந்தக் காலத்தில் எங்கே என்று உருகினார். பிறகு இரு கைகளையும் விரித்தார்.

"இன்றைக்கு ஆண்டவர் யாருடைய வீட்டுக்கு வரவேண்டும்? சொல்லுங்கள்."

பதில்காரர் பாதி எழுந்தார். எழுந்தவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். சூடு பட்டுத் தழும்பேறிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேராயர் பெருமூச்சு விட்டார். "பார்த்தீர்களா, ஒருவரும் இல்லை" என்றார்.

ஆராதனை முடிந்து போட்டோ எடுத்தோம். பிறகு பேராயரோடு சாப்பாடு. போதகரிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. பந்தி கலைந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பதில்காரர் கேட் அருகே வெயிலில் நின்றபடியே இருந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் போதகரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனபோது பக்கத்து வீட்டம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். "ஐயா வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. இப்பத்தான், அரைமணி நேரம் ஆச்சு" என்றாள். போதகர் நற்கருணை அப்பம் இருந்த பெட்டியைத் திறக்கவே இல்லை. சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பதில்காரர் மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையின் சுருக்கத்தை வெறுங்கையால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நான் வாயைத் திறக்கவே இல்லீங்களே. நடுவுல எந்திரிச்சேனே, அதனாலதான் இப்படி ஆயிருச்சா?"

இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. போதகர் பக்கத்தில் நின்றார்.

"இனிமே கவனமா இருங்க" என்றேன்.

"சரிங்க சார்" என்றார். அதையும் நம்பிவிட்டார்.