இரண்டாவது டிரைவை எங்கே வைப்பது?

1. பாஸ் பெட்டியின் மேல்

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபையில் இருபத்திரண்டு பேர் நின்று பாடிக்கொண்டிருக்கும்போது என் ஹார்ட் டிரைவ் செத்துப்போனது. டக், டக், டக் என்று மூன்று சத்தம். அவ்வளவுதான்.

நான் மொபைல் ரெக்கார்டிங் செய்பவள். ஸ்டுடியோ என்று ஓர் இடம் எனக்குக் கிடையாது. லேப்டாப், எட்டு மைக் சொருகுகிற இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன், வெளியே மாட்டுகிற ஹார்ட் டிரைவ் எல்லாம் ஒரு தோள்பைக்குள் அடக்கம். நாட்டிய அரங்கேற்றத்துக்கு டிராக், பஜனை மடத்துப் பாட்டு, சர்ச் கொயர், யார் கூப்பிட்டாலும் போவேன். பத்தொன்பது வருஷம் ஒரு ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு இருந்து, முதலாளியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவள். மலையாள ஊரில், ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டு மாடியில் ஒற்றை ஆளாய் இருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் "எந்த டிரைவ் வாங்கலாம் மேடம்?" என்று அடிக்கடி போன் செய்கிறார்கள். மேடம் என்றால் பரவாயில்லை, மாமி என்றால்தான் கோபம் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதுகிறேன்.

அன்று சர்ச் ஹாலில் பிளக் பாயின்ட் ஒரே மூலையில்தான் இருந்தது. அங்கே கீபோர்டுக்கான பெரிய பாஸ் ஸ்பீக்கர். அதன் மேல்பக்கம் பலகை மாதிரி தட்டையாக இருந்ததால் டிரைவை அங்கே வைத்தேன். அது உள்ளே தட்டு சுழல்கிற பழைய வகை டிரைவ். கீபோர்டில் கீழ் ஸ்வரம் அழுத்தும்போதெல்லாம் பெட்டி அதிர்ந்தது, திரையில் 'டிஸ்க் வேகம் போதவில்லை' என்று எச்சரிக்கை வந்து ரெக்கார்டிங் நின்றது. இரண்டு முறை அப்படி நின்றும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது முறை டிரைவே போய்விட்டது.

கொயரை நடத்திய ஜெயராணி டீச்சர், பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், காலையில் தனியாக ஒரு கீர்த்தனை பாடியிருந்தார். என் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு டேக் நான்கோ ஐந்தோதான் கேட்டிருப்பேன். அது போச்சு. அதோடு நான்கு வருஷத்து வேலையும் போச்சு, ஏனென்றால் எல்லாமே அந்த ஒற்றை டிரைவில்தான் இருந்தது.

டீச்சர் கிட்டே வந்து, "என்ன பிள்ளே, என்ன ஆச்சு?" என்றார்.

"உங்க கரண்டு சரியில்லை டீச்சர். வோல்டேஜ் ஏறி இறங்குது. அதான் டிரைவ் போயிடுச்சு" என்று வெடுக்கென்று சொன்னேன். இருபத்திரண்டு முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. தப்பு யாருடையது என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார்.

2. கறங்காத டிரைவ்

சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடிப்படி ஏறினால் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சின்னக் கடை. கடைக்காரர் தமிழ்க்காரர்தான், ஆனால் வாயில் பாதி மலையாளம். செத்த டிரைவைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"உள்ள தட்டு கீறிப்போச்சு சேச்சி. இனி ஒண்ணும் கிட்டாது. நிங்க நடந்து வேலை செய்யற ஆளு அல்லே? கறங்குற டிஸ்க் வேண்டாம். கறங்காதது எடுங்க, எஸ்.எஸ்.டி. அதிர்ந்தாலும் பேடிக்க வேண்டாம்."

கேட்கிறவர்களுக்கு முதல் பதில் இதுதான். கறங்குகிற, அதாவது தட்டு சுழல்கிற டிரைவ் வீட்டு மேஜையில் சும்மா கிடக்கட்டும். வெளியே எடுத்துப்போய் ஸ்பீக்கர், தவில், செண்டை பக்கத்தில் உட்கார்ந்து ரெக்கார்ட் செய்ய எஸ்.எஸ்.டி.தான். எத்தனை டெராபைட் என்பதையே பார்த்து மயங்காதீர்கள். தனி கரண்ட் கேட்காமல் லேப்டாப்பிலிருந்தே ஓட வேண்டும். கேபிள் லொடலொடவென்று ஆடக்கூடாது. நாளைக்கு வேறு ஒருவர் கம்ப்யூட்டரில் போட்டாலும் திறக்கிற மாதிரி முதல் நாளே ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். பேர் தெரியாத ஏதோ கம்பெனி டிரைவ் ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்தால், கிடைக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன். ஒன்றில் வேலை, இன்னொன்றில் அதன் காப்பி. கடைக்காரர் பில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ரெண்டாவதை எங்க வைப்பீங்க?"

"வீட்டுலதான்."

"அது போரா, பத்தாது சேச்சி. தீயோ வெள்ளமோ கள்ளனோ வந்தா ரெண்டும் சேர்ந்து போகும். வேற வீட்ல வைக்கணும், கேட்டோ. நம்பிக்கையான ஆளு யாராச்சும் இருப்பாங்க அல்லே?"

"இருக்காங்க" என்றேன். படி இறங்கும்போதே யார் என்று யோசிக்கத் தொடங்கினேன். வீடு வந்து சேரும்வரை ஒரு பெயரும் வரவில்லை.

3. நாமினி

இரண்டு மாதம் இரண்டு டிரைவையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். இதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை.

சபைக்காரர்கள் மறுபடி பாட ஒத்துக்கொண்டு தேதி சொன்ன அன்று, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கப் போனேன். செருப்பைக் கழற்றும்போது பையைக் கீழே வைத்தவள், தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாலை முக்குவரை போன பிறகுதான் தோள் லேசாக இருப்பது தெரிந்தது. அய்யோ, இரண்டு டிரைவும் அதில்! இந்த வயதில் நான் ஓடிய ஓட்டத்தை யாரும் பார்த்திருக்கக் கூடாது. தேங்காய்க் கடைக்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சேச்சி, பிள்ளையாரை நம்பி விட்டுட்டுப் போனீங்களா?"

பிள்ளையார் காப்பாற்றினார். அதற்காக மாதாமாதம் அவரையே தொந்தரவு செய்ய முடியுமா?

வீட்டுக்கு வந்து போனை எடுத்து, அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். திருநெல்வேலியில் தம்பி. அப்பா காரியத்தில் பேச்சு முற்றிய பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு மெசேஜ், அதோடு சரி. பழைய ஸ்டுடியோ வாசலை மிதிக்க மாட்டேன். பாடகர்கள் நிறையப் பேர் உண்டு, எல்லாரும் வேலை இருந்தால் மட்டும் பேசுகிறவர்கள். கீழ் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது கீழ் வீடுதான். கடைசிப் பெயர்வரை போய்விட்டேன். இந்த ஊரில் எனக்கு முந்நூறு பேரைத் தெரியும், கை அகல டிரைவ் ஒன்றைக் கொடுத்துவைக்க ஒரு ஆள் இல்லை. அன்றைக்கு நன்றாக அழுதேன்.

சரி, மனுஷர் இல்லாவிட்டால் பேங்க் லாக்கர் இருக்கிறதே என்று மறுநாள் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி படிவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாமினி கட்டம் காலியா இருக்கே மேடம்" என்றார்.

"கண்டிப்பா போடணுமா?"

"கட்டாயம் இல்லை. ஆனா அப்படின்னா 'எனக்கு நாமினி வேண்டாம்'னு எழுதிக் கையெழுத்து போடணும்."

பேனாவை வாங்கினேன். எழுதக் கை வரவில்லை. வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

4. பீரோ

கொயர் மறுபடி பாடியது. இந்த முறை டிரைவ் ஒரு மர நாற்காலியில், ஸ்பீக்கரிலிருந்து பத்தடி தள்ளி. பாட்டெல்லாம் முடித்து, மிக்ஸ் செய்து, கொடுப்பதற்காக ஜெயராணி டீச்சர் வீட்டுக்குப் போனேன். பென் டிரைவைக் கொடுத்ததோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் டீச்சர் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் எடுத்துவைத்து, எனக்கு மீன் ஆகாது என்றதும் ஓடிப்போய் தேங்காய்த் துவையல் அரைத்துக்கொண்டு வந்தார். சாப்பிட்ட கையோடு சொல்லிவிட்டேன்.

"டீச்சர், அன்னைக்கு உங்க கரண்டுல ஒரு கோளாறும் இல்லை. டிரைவை ஸ்பீக்கர் மேல வெச்சது நான்தான்."

"தெரியும் பிள்ளே. ஃபேன் நல்லாத்தான ஓடிட்டு கிடந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"அத்தனை பேரு முன்னால எதுக்கு? உன் மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு."

பையிலிருந்து இரண்டாவது டிரைவை எடுத்து மேஜையில் வைத்தேன். இது உங்கள் வீட்டில் இருக்க முடியுமா என்று கேட்டேன். மூன்றாவதாக ஒரு டிரைவ் வாங்கி, மாதம் ஒரு முறை அதில் புது காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டு போவேன் என்றேன்.

"இதுல என்ன கிடக்கு?"

"அன்னைக்குப் போனதுக்கு அப்புறம் நான் செஞ்சது எல்லாம்."

"உனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லியா?"

"இருக்காங்க டீச்சர்."

அவர் டிரைவை எடுத்துப்போய் பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். "தண்ணி படாது, பிள்ளைங்க கை படாது, போதுமா?" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுகிறேன். டிரைவ் மாற்ற அரை நிமிஷம் ஆகும், நான் திரும்புவது சாயங்காலம். மற்ற இருபத்தொன்பது நாளும் மாடியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தனியாகத்தான் இருக்கிறேன், அது மாறவில்லை. எந்த டிரைவ் என்று கேட்கிற பிள்ளைகளே, டிரைவைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதைக் கொடுத்துவைக்க ஒரு வீட்டை இப்போதே தேடிக்கொள்ளுங்கள். நான் ஐம்பது வயதுக்குமேல் தேடினேன்.

போன மாதம் டீச்சர் பீரோச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"மருமவன் சொல்லுதாரு, இப்ப எல்லாத்தையும் நெட்லயே ஏத்தி வெச்சிரலாமாமே. நீ எதுக்குப் பிள்ளே இந்த வெயில்ல பஸ் ஏறி அலையுத?"

ஒரு வருஷமாக நான் கிளவுடில்தான் ஏற்றிவருகிறேன். அந்த பீரோ டிரைவுக்கு இப்போது வேலையே இல்லை. ஆனாலும் சொன்னேன், "நம்ம ஊர் நெட்டுல ஏறாது டீச்சர். என் ஃபைல் எல்லாம் ரொம்பப் பெரிசு."

அடுத்த அறையில் அவர் மகள், துபாயில் இருக்கும் கணவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் அங்கே டீ ஆற்றுகிற சத்தம்கூட இங்கே தெளிவாகக் கேட்டது. டீச்சர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமா பிள்ளே, இங்க நெட்டு ரொம்ப மோசம்" என்று சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தார். "நீ நேர்லயே வந்துரு."