நீர்நாய்க்கு நான் எழுதிய சான்று

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் கால்நடை மருத்துவராக இருந்தேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில் மான், குரங்கு, மயில் எல்லாம் வளர்த்தார்கள். அவை நலமாக இருக்கின்றனவா என்று பார்த்து எழுதித் தரும்படி சிவகங்கை மேலலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. எனக்குத் தெரிந்தது மாடும் ஆடும்தான். தீனி எடுக்கிறதா, சாணம் சரியா, மூக்கு ஈரமா என்று பார்ப்பேன். அங்கேயும் அப்படியே பார்த்தேன்.

கடைசிக் கூண்டில் ஒரு நீர்நாய். கம்பியோரமாகவே போய்ப் போய்த் திரும்பியது. அது நடந்த தடத்தில் மண் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. நல்ல சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே தீனி வைக்கும் பெண் அருகில் வந்தார். "டாக்டரய்யா, இதுக்குத் தண்ணி பத்தலைன்னு எழுதுவீகளா?"

"சட்டி நிறைய இருக்கேம்மா?"

"அது குடிக்கத்தான் ஆகும். இது முங்கியே கெடக்குற சென்மமுல்ல? தெனம் ரெண்டு குடம் மேல ஊத்திக்கிட்டிருந்தேன். இப்பக் கெணறும் வத்திப்போச்சு."

படிவத்தில் 'குடிநீர்' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. 'போதுமானது' என்று எழுதினேன். தோட்டத்துக்குச் சொந்தக்கார வீட்டுக்காரர் மோர் கொடுத்து, "எல்லாம் நல்லாருக்குல்ல?" என்றார். "நல்லாருக்கு" என்றேன்.

அந்தப் பெண் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் மறுபடி போனது மூன்று மாதம் கழித்துத்தான். நீர்நாயின் முடி சிக்குப்பிடித்து, வயிற்றில் புண் வைத்திருந்தது. வீட்டுக்காரரிடம் பிடிவாதமாகப் பேசி ஒரு சிமெண்ட் தொட்டி கட்டவைத்தேன். மழையில் கிணறு ஊறி, தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்று நானும் போயிருந்தேன். நீர்நாய் பாய்ந்து இறங்கியது. அந்தப் பெண் கைகொட்டிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அது கரையேறி நடுங்கத் தொடங்கியது. கெட்டுப்போன முடி தண்ணீரைத் தடுக்கவில்லை, தோல்வரை நனைந்துவிட்டது. அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. சாக்கால் துடைத்தோம். ஊசி போட்டேன். நாலாம் நாள் செத்துப்போனது.

இறப்புச் சான்றில் நிமோனியா என்று எழுதினேன். பொய்யில்லை.

"என்ன எழுதியிருக்கீக?" என்றார் அந்தப் பெண். படித்துக் காட்டினேன்.

"நான் மொதல்ல சொன்னதை எழுதலையா?"

"இல்லம்மா."

அவர் மயில்கள் பக்கம் போய்விட்டார்.

அதன்பின் எந்தக் கூண்டைப் பார்க்கப் போனாலும் தீனி வைப்பவரிடம்தான் முதலில் கேட்டேன். ஆனால் அந்த முதல் சான்று தவறு என்று சிவகங்கைக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். வேலைக்குப் பயந்து எழுதவில்லை.