பிரெடெரிசியாவில் ஒரு சம்மதக் கடிதம்

விடுமுறைக்குப் பார்க்க வந்திருக்கும் மகளோடு கைபேசியில் தமிழில் பேசி முடித்துவிட்டு, டென்மார்க்கின் பிரெடெரிசியா ரயில் நிலையக் கடையில், பார்த்துப் பார்த்துக் கோத்த ஆங்கிலத்தில் காப்பி கேட்கிறேன். கடையில் நிற்கும் யாழ்ப்பாணத்துப் பெண் சிரிக்கிறார்.

“தமிழிலயே கேளுங்கோ அக்கா. கோப்பி கோவிக்காது.”

என் கையிலுள்ள தாள் என்னவென்றும் விசாரிக்கிறார். நான் மதுரைப் பக்கத்துப் பள்ளியொன்றின் தலைமையாசிரியை. வரும் ஆண்டு முதல் ஒன்றாம் வகுப்பிலேயே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். பெற்றோரின் சம்மதம் கேட்கும் கடிதம் இது, என் கையெழுத்துதான் பாக்கி என்கிறேன், சற்றே பெருமையாக.

“என்ர மகள் கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் டேனிஷிலதான் படிச்சவள். இங்கிலீஷ் ஒரு பாடம் மட்டும். ஆனா அதையும் உங்களை மாதிரியே கதைப்பாள்.” தாளை எட்டிப் பார்க்கிறார். “கடிதமும் இங்கிலீஷோ? தாய் தேப்பன் வாசிப்பினமோ?”

“அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. பிள்ளைங்கள விட்டுப் படிக்கச் சொல்லுவாங்க.”

“ஆர், ஒண்டாம் வகுப்புக்கு வரப்போற பிள்ளையளோ?”

காப்பி ஆறுகிறது. கடிதத்தில் ஒரு காற்புள்ளிகூடப் பிழையில்லை, நானே திருத்தினேன். தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் ‘அன்புள்ள பெற்றோருக்கு’ என்று தொடங்குகிறேன். ரயில் வந்து நிற்கிறது. எதற்குச் சம்மதம் கேட்கிறேன் என்பதைத் தமிழில் சொல்ல, எனக்கு இன்னும் ஒரு வரிகூட வரவில்லை.