பேட்டரியைத் தீர்த்தவள்

எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பேட்டரியைத் தீர்த்தவள். இப்போதும் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது கரண்ட் போனால், யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, நீ எங்கேயாவது கை வைத்தாயா என்று கேட்பார். பந்தியே சிரிக்கும். நான் சிரிப்பதில்லை. பத்து வயதில், செய்யாத குற்றத்துக்கு மூன்று வாரம் திட்டு வாங்கியவளுக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. நடந்ததை ஒருமுறையாவது யாரும் குறுக்கே பேசாமல் சொல்லிவிடத்தான் எழுதுகிறேன்.

அப்போது கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு கூடம், ஆறு பேர். அப்பா, அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி. அப்பாவின் அண்ணனான பெரியப்பா, பெரியம்மா. பெரியப்பாவின் மகன் தெற்கே எங்கேயோ ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தான். பெரியப்பா சர்க்கார் கம்பெனி ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றித் தேய்ந்துபோயிருந்த ஒரு பழைய வேனை வாங்கினார். அதை ஆறு மாதம் கராஜில் போட்டு, அதற்குள் ஒரு வீட்டையே கட்டிவிட்டார். மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், சுவரோடு பொருத்திய சின்ன விசிறி, பூப்போட்ட திரைகள். இந்தியா முழுக்க அதிலேயே போய் அதிலேயே சமைத்து அதிலேயே தூங்கப் போகிறோம் என்று அறிவித்தார். சமைப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை.

வண்டியை ஓட்டுவதற்கான பேட்டரி முன்னால் எஞ்சினோடு இருந்தது. அதன் மேல் எந்தப் புகாரும் இல்லை. தகராறெல்லாம் பெரியப்பா வீட்டுப் பேட்டரி என்று அழைத்த ஜோடியால்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் கனமான இரண்டு பேட்டரிகள், ஒயரால் ஒன்றோடொன்று சேர்த்துப் பிணைத்தவை. விளக்கும் விசிறியும் ஃபிரிட்ஜும் இவற்றில்தான் ஓடும். ராத்திரி எங்கள் பால்கனியிலிருந்து ஒரு நீள ஒயரைச் சந்துக்கு இறக்கி அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றுவார்கள். காலையில் வண்டிச் சுவரிலிருக்கும் மீட்டர் பதின்மூன்று வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். நிறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

வண்டிக்கு முதல் பூஜை, கல்கத்தாக்காரர்கள் கருவிகளுக்கும் வண்டிகளுக்கும் பூஜை போட்டுப் பட்டம் விடும் விஸ்வகர்மா பூஜையன்று நடந்தது. எங்கள் ஆட்களுக்கு ஆயுத பூஜை போதும். ஆனால் இரண்டு தலைமுறையாகக் கல்கத்தாவில் இருப்பவர்கள் என்பதால் பெரியப்பா இரண்டையும் விடமாட்டார். வானமெல்லாம் பட்டம். வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. பேட்டரிக்கும் பொட்டு வைக்கப் பெட்டியைத் திறந்தபோது, ஒரு பேட்டரியின் ஆறு மூடிகளில் ஒன்றில் மட்டும் சிவப்பு மிதவை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் குறைகிறது, டிஸ்டில்டு வாட்டர் விட வேண்டும். ஆனால் அன்று ஊரிலுள்ள மெக்கானிக் கடைகளெல்லாம் பூஜைக்காக மூடியிருந்தன. நல்ல நேரமோ முடியப்போகிறது. பெரியப்பா யோசித்தார். பிறகு பூஜைச் செம்பை எடுத்து, காலையில் படித்துறையில் தானே மொண்டு வந்த கங்கை ஜலத்தை அந்த ஓட்டைக்குள் விட்டார். நான்தான் புனலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் ஏது என்று அவர் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெரியவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பத்து வயது.

அடுத்த வாரமே வியாதி தொடங்கியது. காலையில் நிறைந்திருக்கும் பேட்டரி, சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியப்பா போய்ப் பார்க்கும்போது பதினொன்றுக்கு வந்திருக்கும். விசிறியைத் தட்டினால் அது யோசித்து யோசித்துச் சுற்றும். நான் பள்ளிக்கூடம் விட்டு நான்கு மணிக்கு வந்து ஐந்தரை வரை அந்த வண்டிக்குள் விளையாடுவது வழக்கம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள்தான், விளக்கை அணைக்க மறந்து வந்திருந்தேன். அது போதும், மேற்கொண்டு விசாரணையே தேவைப்படவில்லை.

தினமும் ஆறு மணிக்குக் கூடத்தில் என்னை நிறுத்தி வைப்பார்.

“லைட்ட அணைச்சியா?”

“அணைச்சேன் பெரியப்பா.”

“அப்ப பேட்டரிய பூதமா குடிச்சுது?”

அப்பா செய்தித்தாளைவிட்டுத் தலையைத் தூக்கமாட்டார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், பெரியவங்க சொன்னா வாய மூடிட்டுக் கேட்டுக்கணும் என்பாள். நான் வண்டிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். அப்போதும் பேட்டரி தீர்ந்தது. திருட்டுத்தனமாகப் போய்வருகிறாள் என்றார் பெரியப்பா. செய்தாலும் திட்டு, செய்யாவிட்டாலும் திட்டு. இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

கடைசியில் தீர்ப்பும் வந்தது. பூஜா லீவுக்கு எல்லோரும் வண்டியில் ஒரிசாக் கடலோரத்துப் பூரிக்குப் போகிறோம். பேட்டரி இப்படியே தீர்ந்துகொண்டிருந்தால் நான் வரவேண்டாம், கீழ்வீட்டுப் பெங்காலிச் சித்தி, நாங்கள் காகிமா என்று கூப்பிடுபவள், அவளோடு இருந்துகொள்ளலாம். காகிமா நல்லவள், மீன் முள்ளெல்லாம் எடுத்துத் தருவாள். ஆனால் எனக்குக் கடல் வேண்டும். நான் கடலைப் பார்த்ததே இல்லை. சந்து முனையில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிவிட்டார்கள். பந்தல் வழியை அடைப்பதற்குள் வண்டி வெளியே போயாக வேண்டும் என்பதால் எனக்கு இருந்த நாட்கள் கொஞ்சம்தான்.

உண்மையான திருடனைப் பிடித்தே தீருவது என்று முடிவுசெய்தேன். சனிக்கிழமை அரைநாள் பள்ளி. வீட்டுக்குப் போகாமல், மூங்கில் அடுக்குக்குப் பின்னால் புத்தகப்பையோடு உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா சாப்பிட்டுத் தூங்கும் நேரம். சந்தில் ஒரு நாய்கூட இல்லை. வண்டியின் திரைகள் இழுத்து மூடியிருந்தன. கிட்டே போய்க் காதை வைத்தேன். உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். பெரியம்மா படுத்திருந்தார். செருப்பைக் கழற்றிப் படியில் வைத்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு, கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் புத்தகம் இல்லை, போன் இல்லை. தூங்கவும் இல்லை. பெரியம்மாவை அப்படி நான் பார்த்ததே கிடையாது. எங்கள் வீட்டில் அவர் எப்போதும் நின்றுகொண்டிருப்பார், அல்லது எதையாவது எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்.

என்னைப் பார்த்து அவர் பதறவில்லை. மெதுவாக நகர்ந்து இடம் விட்டார்.

“உள்ள வா. கதவ சாத்திரு.”

இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“இங்க இருந்தா யாரும் கூப்பிடமாட்டாங்க” என்றார்.

இது ஒரு பதிலா? இத்தனை நாள் கூடத்தில் நான் நின்று திட்டு வாங்கும்போது, இரண்டடி தள்ளிச் சமையலறையில் இவர் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கேட்டிருந்தாலாவது யோசித்திருப்பேனோ என்னவோ. சாத்திய கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியப்பா வழக்கம்போலத் தொடங்கியதும் நான் சொல்லிவிட்டேன்.

“நான் இல்ல. பெரியம்மாதான் தினமும் மத்தியானம் ஃபேனப் போட்டுட்டுப் படுத்திருக்காங்க. நானே பாத்தேன்.”

அப்பா செய்தித்தாளை மடித்தார். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். பெரியப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் சிரித்தார். வீட்டில் ஃபேன் இல்லையா, கட்டில் இல்லையா, தெருவில் நிற்கிற வண்டியில் போய் ஒளிந்துகொண்டு படுக்கவேண்டிய தலையெழுத்து யாருக்கு என்று கேட்டுச் சிரித்தார். அப்பாவும் லேசாகச் சிரித்தார். பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் குக்கரை ஏற்றினார். கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த வண்டிச் சாவியை எடுத்துப் பெரியப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் வண்டி பகல் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. நான் போகவில்லை, பெரியம்மா போகவில்லை. சாயங்காலம் பார்த்தால் மீட்டர் அதே பதினொன்று. அதற்கடுத்த நாளும் அப்படியே. இனி குற்றம் சாட்ட வீட்டில் மிச்சமிருந்தது மூன்று வயதுத் தம்பிதான். வேறு வழியில்லாமல் பெரியப்பா மார்க்கெட்டுப் பக்கத்தில் பேட்டரி ரிப்பேர் செய்யும் மிஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மிஸ்திரி ஒல்லியான மனிதர், சட்டையெல்லாம் ஆசிட் பட்டுச் சல்லடையாக இருந்தது. யார் விளக்கைப் போட்டார்கள், யார் விசிறியைப் போட்டார்கள் என்ற கதையெல்லாம் அவர் கேட்கவில்லை. இரண்டு பேட்டரிகளையும் சேர்த்திருந்த ஒயரைக் கழற்றி, தனித்தனியாக ஒருநாள் சும்மா கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வந்து தனித்தனியாக மீட்டர் வைத்தார். ஒன்று நன்றாக இருந்தது, இன்னொன்று பத்தரையில் கிடந்தது. ஒரு வண்டி முகப்பு விளக்கைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். முதல் பேட்டரியில் அது கண் கூசும்படி எரிந்தது, இரண்டாவதில் ஊதுவத்தி முனை அளவுக்குச் சிவந்து அணைந்தது. பிறகு மூடிகளைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஐந்து அறையில் தெளிவாக இருந்தது. ஆறாவதில் பால் விடாத டீ நிறத்தில் வந்தது, அடியில் மண்ணோடு.

இதில் என்ன ஊற்றினீர்கள் என்று பெங்காலியில் கேட்டார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். புனலைப் பிடித்தவள் நான்.

“கங்கா ஜலம்” என்றேன்.

மிஸ்திரி குழாயைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியைத் தொட்டு ஒரு கும்பிடு போட்டார். கங்கை நமக்குத் தாய்தான், ஆனால் பேட்டரிக்கு ஆகாது என்று பணிவாகச் சொன்னார். ஒரு அறை செத்துவிட்டது, அது தன் பேட்டரியைக் கெடுத்து, சேர்த்துக் கட்டியிருந்த நல்ல பேட்டரியையும் உட்கார்ந்த இடத்திலேயே உறிஞ்சிக்கொண்டிருந்தது என்றார். நான் விடவில்லை. மத்தியானம் ஒரு மணி நேரம் விசிறி போட்டால் தீருமா என்று கேட்டேன். அவர் விசிறியைப் பார்த்துச் சிரித்தார். பேட்டரி நல்லதாக இருந்தால், இந்த விசிறி மூன்று நாள் நிற்காமல் ஓடினாலும் ஒன்றும் ஆகாது என்றார்.

ஆக, என்னாலும் இல்லை, பெரியம்மாவாலும் இல்லை. தீர்த்தவர் யார் என்பது சந்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? இப்போதெல்லாம் பேட்டரியை ஒழுங்காகவே செய்வதில்லை, எல்லாம் ஏமாற்று வேலை என்றார். அப்பா ஆமாம் போட்டார். பெரியப்பா பெயரில் ஒரு பட்டமும் வரவில்லை. பட்டம் என்னிடமே இருக்கிறது, இன்றுவரை.

புதுப் பேட்டரிகள் வந்தன, இரண்டும் ஒரே ஜோடியாக. பந்தல் எழும்புவதற்கு முந்தின நாள் கிளம்பினோம். நானும் போனேன், கடலைப் பார்த்தேன். வழியெல்லாம் பெரியம்மா அந்த ஒற்றை அடுப்பில் ஆறு பேருக்குச் சமைத்தார். குடும்பம் மொத்தமும் அந்த வண்டிக்குள்ளேயே இருந்ததால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது அவரைக் கூப்பிட்டார்கள். நானும்தான்.

திரும்பி வந்த பிறகு ஒரு மத்தியானம், பெரியம்மா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கீழே சந்தில் வண்டி நின்றது. அவர் அதைப் பார்த்ததைப் பார்த்தேன். அவர் மேல் எனக்கிருந்த கோபம் கடலிலேயே கரைந்துவிட்டிருந்தது. உதவி செய்கிற நினைப்பில் பக்கத்தில் போய், இப்போ பேட்டரி நல்லா இருக்கு பெரியம்மா, எவ்வளவு நேரம் வேணாலும் ஃபேன் போட்டுக்கலாம் என்றேன்.

“சாவி உங்க பெரியப்பா பையில இருக்கு.”

“கேட்டா குடுத்துருவாரே.”

பெரியம்மா அப்பாவின் வேட்டியை உதறிக் கொடியில் போட்டார். நான்கு மூலையையும் இழுத்துவிட்டார்.

“கேக்கணும்ல” என்றார்.

கேட்பதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. அவ்வளவு நல்ல பேட்டரி அன்றாடம் நிறைந்து சும்மா கிடக்கிறதே என்றுதான் ஆத்திரமாக வந்தது.