என் மூக்கும் எட்டு வைன்களும்

கலியாணம் பேசி முடிப்பதற்கு முன்பு நான் இவரிடம் தொலைபேசியில் கேட்டது ஒரேயொரு கேள்விதான். சம்பளம் என்ன, வீடு எப்படி, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எத்தனை வருடத்துக்கு இருக்கிறது என்பதையெல்லாம் அண்ணா கேட்டுக்கொண்டார். நான் கேட்டது, "நீங்கள் குடிப்பியளோ?" இவர் அப்போது இத்தாலியில், பலேர்மோவில் இருந்தார்.

"ஒளிக்காமல் சொல்லுறன்," என்றார். "பெடியங்களோடை எப்பவாவது ஒரு பியர். நீர் வேண்டாமெண்டா விட்டிடுறன்."

"வேண்டாம்."

"சரி, விட்டிட்டன்."

எங்கள் பெண்பார்க்கும் படலம் இவ்வளவுதான்.

என் அப்பா குடித்தார். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் அதுதான், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். பின்னேரம் அவருடைய சைக்கிள் படலைக்கு வந்ததும் ஓடிப்போய் அதை வாங்கி உள்ளே உருட்டிவருவது என் வேலை. சைக்கிள் ஒரு சாட்டு. அம்மா என்னை அனுப்பியது அவர் வாயை மணந்து பார்க்க. கள்ளு என்றால் பயமில்லை. அப்பா பாட்டுப் பாடுவார், சோறு கேட்பார், நித்திரையாகிவிடுவார். சாராயம் என்றால் அம்மா கத்தியையும் அலவாங்கையும் எடுத்து ஒளித்துவைப்பார். களவாகக் காய்ச்சுகிற கசிப்பு என்றால் அம்மாவும் அண்ணாவும் நானும் பின்வேலியால் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். எட்டு வயதில் இந்த வேலையில் நான் ஒருநாளும் பிழை விட்டதில்லை. இரண்டைக் கலந்து குடித்திருந்தால் எது முதலில், எது பிறகு என்றுகூடச் சொல்வேன். எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா ஈரல் கெட்டுச் செத்துப்போனார்.

போர் முடிந்து நாலு வருடத்தில் நான் பலேர்மோவுக்கு வந்து சேர்ந்தேன். கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் வீடு. காலையில் லிபெர்த்தா வீதியில் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு மத்தியானம் வந்துவிடுவேன். இவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உணவகத்தில் கோப்பை கழுவினார். மத்தியான வேலை முடிந்து நாலு மணிக்கு வருவார், ஏழு மணிக்குத் திரும்பப் போவார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் என் முன்னால் வந்து நின்று வாயைத் திறப்பார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் மணந்து பார்ப்பேன். எந்த மனுஷனும் இதற்கு ஒரு தடவையாவது கோபப்பட்டிருப்பான். இவர், "என்ன, சோதினை பாஸோ?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

ஒருநாள் அவர் வாயைத் திறக்காமல் நேரே நான் சமைத்துக்கொண்டு நின்ற குசினிக்குள் போனார். பையில் இருந்து மூடி போட்ட ஜாம் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். எட்டுப் போத்தல். ஒவ்வொன்றின் அடியிலும் நாலு விரற்கடை உயரத்துக்கு ஏதோ ஒன்று. சிலது சிவப்பு, சிலது வெளிர் மஞ்சள். மூடியில் இலக்கம் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு விளங்க ஒரு விநாடி எடுத்தது. விளங்கியதும் நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரி யன்னலைத் திறந்து பார்த்தாள்.

"சாமிப்படம் இருக்கிற குசினிக்குள்ளை கொண்டுவந்து வைச்சிருக்கிறியளே! உங்களுக்கு மண்டை கழண்டு போச்சோ?"

"இஞ்சாரும், ஒருக்காச் சொல்லுறதைக் கேளும்," என்றார்.

விஷயம் இதுதான். உணவகத்தில் மேசைக்குப் பரிமாறுகிறவன் கப்பலேறி ஜெனோவாவுக்குப் போகப்போகிறான். முதலாளி அம்மாவுக்கு இவரைப் பிடிக்கும். நாலு வருடமாக ஒரு கோப்பை உடைக்காத மனிதர். அந்த இடத்துக்கு இவரைப் போடலாம் என்று அவ யோசிக்கிறா. ஆனால் அங்கே விற்கிற எட்டு வைனையும் பற்றி நாலு வார்த்தை சொல்லத் தெரிய வேண்டும். எல்லாம் மலிவு வைன். ஒன்றிரண்டு போத்தலில் வருவது, மற்றவை பக்கத்துத் தோட்டங்களில் பெரிய கண்ணாடிக் குடங்களில் நிரப்பிக்கொண்டு வருவது. வாங்குகிறவன் மலிவு வைனுக்கும் கேள்வி கேட்பான், இந்த ஊர்ச் சனம் அப்படி.

"அப்ப குடிக்கப் போறியள்."

"இல்லை. வாயிலை விட்டுப்போட்டுத் துப்பிறது. பெரிய ஆக்களெல்லாம் அப்பிடித்தானாம்."

காசு கொடுத்து வாங்கி, வாயில் விட்டு, துப்புகிற ஒரு சனம் உலகத்தில் உண்டு என்பதை நான் அன்றைக்கு நம்பவில்லை. போத்தல்களை பல்கனிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஆடை காயப்போடும் கம்பிக்குக் கீழே வரிசையாக வைத்தார். யூன் மாதம். ஆப்பிரிக்காப் பக்கமிருந்து சூடான காற்று அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் நான் உடுப்புக் காயப்போடப் போனேன். மூடியெல்லாம் இறுக்கித்தான் இருந்தது. ஆனால் என் மூக்குக்கு மூடி ஒரு பொருட்டில்லை. பின்னேரம் இவர் வந்து ஒவ்வொன்றாகத் திறந்து, வாயில் விட்டு, வாளிக்குள் துப்பி, கொப்பியில் எழுதத் தொடங்கினார். ஐந்தாவதைத் திறந்தபோது நான் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அது பழுதாப் போச்சு. நேற்று இந்த மணம் இல்லை. வெயிலிலை வைச்சு வினாகிரி ஆக்கிப்போட்டியள்."

இவர் போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். திரும்ப மணந்தார். "எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடக்கு," என்றார் பாவமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருடம் கொதிநீருக்கும் ப்ளீச்சுக்கும் மேலே குனிந்து நின்ற மூக்கு அது. வீட்டில் கருவாடு பொரித்தாலும் என்ன சமையல் என்று கேட்கிற மனிதர். இவர் எட்டு வைனை மணந்து கிழித்தது போலத்தான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "கொண்டாங்கோ இஞ்சை," என்றேன்.

முதல் போத்தலைக் கிட்டக் கொண்டுவந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பவும் படலையடியில் நிற்கிற எட்டு வயதுப் பிள்ளை நான். ஆனால் மணம் வந்தபோது அப்பா வரவில்லை. நாவற்பழம் வந்தது. தின்று முடித்து நாக்கை நீட்டினால் ஊதாவாக இருக்குமே, அந்த நாவற்பழம். அதற்குப் பின்னால் கொஞ்சம் மிளகு. "நேரோ தாவொலா," என்று இவர் இலக்கத்தைப் பார்த்து அந்த வைனின் பெயரைச் சொன்னார். மஞ்சளில் ஒன்று தேசிக்காய்த் தோலும் ஈரச் சுவரும். இன்னொன்று தோடம்பழப் பூ. மிக மலிவான ஒன்று, முதலாளி அம்மாவே கறிக்கு ஊற்றுவது, வாழைப்பழத் தோல். நான் சொல்லச் சொல்ல இவர் கொப்பியில் தமிழில் எழுதினார். ஒரு துளிகூட நான் நாக்கில் வைக்கவில்லை, வைக்கவும் தேவையிருக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க இதுதான் எங்கள் நாலு மணி வேலை. இப்போது போத்தல்கள் குசினியிலேயே இருந்தன, சாமிப்படத்துக்கு முன்னால் ஒரு துணித்திரை தொங்கியது. நான் மணப்பேன், இவர் வாயில் விட்டு நான் சொன்னதைத் தேடுவார், பிறகு துப்புவார். துப்புகிறாரா என்று நான் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருநாளும் ஏமாற்றவில்லை. எனக்கோ பயம் ஒருநாளும் குறையவில்லை. நானே என் கையால் இவருக்கு இந்த மணத்தைப் பழக்கிக்கொடுக்கிறேனே, நாளைக்கு இது தொண்டைக்குள் இறங்கினால் யாரைக் குற்றம் சொல்வேன் என்று சமைக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

ஒக்டோபரில் இவரை மேசைக்கு விட்டார்கள். முதல்நாள் ஒருவர் நேரோ தாவொலா எப்படி என்று கேட்டாராம். இவருக்குப் பதற்றத்தில் பாடமாக்கி வைத்த இத்தாலிய வசனமெல்லாம் மறந்துபோய், "எங்கடை ஊரிலை ஒரு கறுத்தப் பழம் இருக்கு, தின்றால் பள்ளிக்கூடம் போகேக்கை நாக்கைக் காட்டி மாட்டுப்படுவம். அந்த மாதிரி," என்று தெரிந்த சொல்லையெல்லாம் கோத்துச் சொல்லியிருக்கிறார். அந்த மேசையில் இரண்டு போத்தல் போனதாம். அதற்குப் பிறகு முதலாளி அம்மாவே ஆட்களிடம், "அவரைக் கேளுங்கள், அவர் பழத்தைப் பற்றிச் சொல்வார்," என்று அனுப்பத் தொடங்கினா. இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காக இன்னும் நூறு போத்தல் மணக்கலாம் என்று இருந்தது.

அடுத்த வசந்தத்தில், உணவகம் பூட்டியிருக்கிற ஒரு திங்கட்கிழமை, முதலாளி அம்மா வைன் நிரப்பப் போகும்போது எங்களையும் கூட்டிக்கொண்டு போனா. பார்த்தினிக்கோ என்ற ஊருக்கு மேலே, குன்றில், ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிற சின்னத் தோட்டம். வைன் செய்யும் இடம் என்றதும் நான் பெரிய ஆலை ஒன்றை நினைத்திருந்தேன். பார்த்தால் எங்கள் ஊர்ச் சங்கக் கடை அளவுக்கு ஒரு கட்டடம், அதற்குள் வைன் நிரப்பிய ஐந்து உருக்குத் தாங்கிகள், ஒரு மூலையில் உழவு இயந்திரம், அதன் இருக்கையில் ஒரு பூனை. தோட்டக்காரர் காற்சட்டையில் கையைத் துடைத்துவிட்டு எங்களுக்குக் கை தந்தார்.

ஒவ்வொரு தாங்கியின் சின்னக் குழாயையும் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தானும் வாயில் விட்டு, நிலத்தில் இருந்த வடிகாலுக்குள் நேராகத் துப்பினார். முதலாளி அம்மாவும் துப்பினா, லிப்ஸ்டிக் கலையாமல். இவரும் துப்பினார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பத்து மாதமாக இவர் சொன்னது அத்தனையும் உண்மை.

மூன்றாவது தாங்கியில் எனக்கு அவித்த முட்டை மணத்தது. தமிழில் மெல்ல இவரிடம் சொன்னேன். இந்த மனுஷன் அதை அப்படியே இத்தாலியனில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. தோட்டக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். "கேட்டாயா? இரண்டு கிழமையாக நான் சொல்கிறேன், நீ என் மூக்கில்தான் பிழை என்கிறாய்," என்றார். காற்றுப் படும்படி வேறு தாங்கிக்கு மாற்றினால் அது சரியாகிவிடுமாம். மனைவி என் தோளில் கை போட்டுச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனா.

வெளியே மரத்தடியில் மேசை. பச்சை அவரைக்கொட்டை, பாற்கட்டி, காட்டுப் பெருஞ்சீரகம் போட்ட பாஸ்தா. தோட்டக்கார அம்மா எல்லோருடைய கிளாசிலும் சிவப்பு வைனை நிரப்பிக்கொண்டு வந்தா. எனக்கு வேண்டாம் என்றதும் பொம்பிளை என்று விட்டுவிட்டா. இவர் வேண்டாம் என்று கையசைத்தபோது அவவின் முகம் விழுந்துவிட்டது. "எங்கள் வைன் பிடிக்கவில்லையா?" என்று கேட்டா. முதலாளி அம்மா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தா. மேசையில் துப்ப முடியாது. இவர் என்னைப் பார்த்தார்.

இவர் மறுத்திருப்பார், எனக்கு நிச்சயமாகத் தெரியும். எல்லோர் முன்னாலும் மூஞ்சி செத்துப்போய் இருந்திருப்பார், ஆனால் எனக்குக் கொடுத்த வாக்கை உடைத்திருக்க மாட்டார். அது தெரிந்ததால்தான் எனக்கு மனம் கேட்கவில்லை.

"குடியுங்கோ," என்றேன். "நான் பாத்துக்கொண்டு இருப்பன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாஸ்தா ஆறிப்போனது. ஒரு வாய் குடித்தார். தோட்டக்காரரோடு உரத்தைப் பற்றிக் கதைத்தார். பாண் துண்டால் பாஸ்தாக் கோப்பையைத் துடைத்துச் சாப்பிட்டார். இன்னொரு வாய். கண் சிவக்கிறதா, குரல் ஏறுகிறதா, கை மேசையில் ஓங்கி விழுகிறதா என்று பார்த்தேன். உள்ளே இருக்கிற மற்ற மனிதன் எந்த வாய்க்கு வெளியே வருவான் என்று காத்திருந்தேன். தோட்டக்கார அம்மா திரும்பவும் போத்தலோடு வந்தா. இவர் கிளாசின் மேல் கையை வைத்து, போதும் என்றார். அவவும் சரியென்று அடுத்த ஆளுக்குப் போனா. ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கதை அப்படியே போனது.

பிறகு எல்லோரும் கொடிகளைப் பார்க்க எழும்பிப் போனார்கள். நான் போகவில்லை. இவருடைய கிளாஸ் எனக்கு முன்னால் இருந்தது. அதில் பாதி வைன் அப்படியே இருந்தது. ஒரு சின்னப் பூச்சி விளிம்பில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் நான் இதைக் கண்டதே இல்லை. அப்பா போத்தலைக் கவிழ்த்துத் தட்டுவார், பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிப்பார்.

என்னைக் காணவில்லை என்று இவர் திரும்பி வந்தார்.

"என்னப்பா, வரேல்லையோ?"

"மிச்சம் வைச்சிட்டியள்," என்றேன்.

கிளாசைப் பார்த்தார். "ஓம். காணும் போலை இருந்தது."

காணும். போதும் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்வது, அம்மா ஒவ்வொரு பின்னேரமும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிய சொல். "காணும், இனிக் காணும்." எத்தனை வருடம் கேட்டும் அப்பாவின் வாயில் வராத சொல் இவருக்கு உப்புக் கேட்பதுபோல வந்துவிட்டது. அப்பா எங்களுக்காக நிறுத்த மனமில்லாமல் குடித்தார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த வன்மத்தில் அவருடைய செத்தவீட்டில்கூட நான் அழவில்லை. இவ்வளவு சின்னச் சொல்லை ஒரு மனிதன் வேண்டுமென்று இத்தனை வருடம் சொல்லாமல் இருக்க மாட்டான். அவரால் முடியவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது. அந்த மேசையடியில் உட்கார்ந்து, தெரியாத ஆட்களின் வீட்டில், சத்தம் போட்டு அழுதேன்.

இவர் பயந்துபோனார். "ஐயோ, குடிச்சது பிழையோ? இனித் தொடமாட்டன், சத்தியமா."

"அதில்லை," என்றேன். "அப்பாவை நினைச்சன்."

இவர் என் அப்பாவைக் கண்டதில்லை. நான் சொன்ன கெட்ட கதைகளை மட்டும்தான் கேட்டிருக்கிறார். கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து, "பாவம், மாமா," என்றார்.