ஆனந்தமேரி ரிட்டயர் ஆகப் பார்த்த கதை

ஆனந்தமேரியின் வயது அவர் எந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மாதா கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவர் 1903-ல் பிறந்தவர். திண்டுக்கல்லில் அவர் வேலை பார்த்த நூல் மில்லின் புத்தகத்தில் 1908-ல் பிறந்தவர். நடுவில் ஐந்து வருஷத்தை விழுங்கியது ஆனந்தமேரியேதான். 1932-ல் மில்லுக்குப் பெண்கள் எடுக்கிறார்கள், இருபத்தைந்து தாண்டினால் எடுக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வரிசையில் நின்றார். அப்போது வயது இருபத்தொன்பது. இடுப்பில் இருந்த பிள்ளையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, "இருபத்துநாலுங்க" என்றார். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமலே எழுதிக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கிறவராக இருந்தால் அந்த மில்லுக்கு அன்றைக்கு ஆளே கிடைத்திருக்காது.

அன்றிலிருந்து ரீலிங் செக்‌ஷன். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி பார்க்க வேண்டும். இழை அறுந்தால் இரண்டு நுனியையும் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த இழைக்கு நகர வேண்டும். சின்னாளபட்டியில் தறிக்குப் போகிற நூலில் பாதி அவர் கைபட்டதுதான். அவர் கட்டியிருந்த சேலைக்கும் அந்த நூலுக்கும் பழக்கமில்லை, அது வேறு விஷயம்.

1963-ல் ஆனந்தமேரிக்கு ஒரே ஆசை இருந்தது. விடியற்காலையில் மில் சங்கு ஊதும்போது அது தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்து, புரண்டு படுக்க வேண்டும். மில் சட்டப்படி ஐம்பத்தைந்தில் ரிட்டயர். மில் புத்தகப்படி ஐம்பத்தைந்து வந்துவிட்டது; வருஷக் கடைசியில் கணக்கு முடிப்பார்கள், அதற்கு இன்னும் எட்டே மாதம். முழங்கால் இரண்டும் அந்த எட்டு மாதத்துக்கே சம்மதிக்காமல் இருந்த நேரத்தில்தான் பட்டணத்திலிருந்து பொருளாதாரம் வந்து இறங்கியது.

முந்தின வருஷம் டில்லியில் மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு ஐம்பத்தெட்டு ஆக்கிவிட்டார்கள். நாமும் ஆக்கினால் என்ன என்று முதலாளிக்கு யோசனை. பழகிய கைகளை அனுப்பிவிட்டுப் புதுக் கைகளைப் பழக்குவது அவருக்குக் கட்டுபடியாகவில்லை. ஆனால் கிழடுகளை வைத்து மாரடிக்க முடியுமா? இதைக் கண்டுபிடிக்கப் பட்டணத்துக் காலேஜிலிருந்து ஒரு பொருளாதார ஆசிரியரை வரவழைத்தார். மூக்குக்கண்ணாடி, ஸ்டாப் வாட்ச், கேள்வித்தாள் ஒரு கட்டு. 'முதிய தொழிலாளரின் செயல்திறன்' என்று தலைப்பே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்.

விஷயம் ஒரே நாளில் செக்‌ஷன் முழுக்கப் பரவிவிட்டது. கைகள் ஓடினால் ஐம்பத்தெட்டு, தடுமாறினால் ஐம்பத்தைந்து.

"மேரிக்கா, அந்தாளு முன்னால கையி நடுங்குற மாதிரி காட்டிராத. எனக்கும் சேத்துக் கெடுத்துருவ" என்றாள் பக்கத்து மிஷின் கருப்பாயி. மில் புத்தகப்படி அவளுக்கும் ஐம்பத்தைந்துதான். ஆனால் அவள் பதிமூன்று வயதில் பெரிய ஆள் கூலிக்கு ஆசைப்பட்டுப் பதினெட்டு என்று சொல்லிச் சேர்ந்தவள். உண்மையில் ஐம்பது. வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் ஒன்று இருந்தது.

"நீ ஓடு புள்ள, ஒன்ன யாரு வேணாமுன்னா? எனக்கு முடியல. முடியலன்னுதான் சொல்லப் போறேன்."

"சொல்லிருவியாக்கும்? முப்பது வருசமா மேஸ்திரி முன்னால அந்த வார்த்தய நீ சொல்லி நான் கேட்டதில்ல."

கருப்பாயி சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த செக்‌ஷனில் முடியவில்லை என்று வாய்விட்ட பெண்ணை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பி, வாசலில் காத்திருக்கும் வேறொருத்தியை நிறுத்திவிடுவார்கள். அதனால் காய்ச்சலிலும் முடியும், தலைச்சுற்றலிலும் முடியும். பிள்ளை பெற்று முப்பதாம் நாளும் முடியும்.

ஆனந்தமேரியின் முறை வந்தது. ஆசிரியர் நாற்காலியில். பக்கத்தில் மேஸ்திரி சடையாண்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"தாங்கள் பணி ஓய்வு பெற விழைகிறீர்களா?" என்று தாளைப் பார்த்துப் படித்தார் ஆசிரியர்.

ஆனந்தமேரி மேஸ்திரியைப் பார்த்தார். சடையாண்டி மொழிபெயர்த்தார்: "ஏம்மா மேரி, ஒன்ன வேலயவிட்டு நிப்பாட்டிரலாமான்னு கேக்காரு."

"ஐயையோ, எதுக்குங்க? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

ஆசிரியர் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

"வேலையைச் சிரமமின்றிச் செய்ய இயல்கிறதா?"

"முடியுதான்னு கேக்காரும்மா."

இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு. "முடியாம என்னங்க? நல்லா முடியும்."

இன்னொரு டிக். சரி, வாய்தான் காலை வாரிவிட்டது, கையாவது காப்பாற்றும் என்று நினைத்தார். அறுந்த இழை பத்தை முடிச்சுப் போடச் சொன்னார் ஆசிரியர். மெதுவாகப் போட வேண்டும், இரண்டு மூன்றை நழுவவிட வேண்டும் என்று ஆனந்தமேரி முடிவு கட்டியிருந்தார். ஆனால் மெதுவாக முடிச்சுப் போடுவது எப்படி என்று அந்த விரல்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர் நிறுத்த நினைப்பதற்குள் பத்தும் முடிந்துவிட்டன. ஆசிரியர் ஸ்டாப் வாட்சைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"செக்‌ஷன்லயே இதான் வெரசு சார்" என்றார் சடையாண்டி, தான் பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல்.

அறிக்கை வந்தது. முதிய பெண்கள் ஓய்வை விரும்பவில்லை, திறனும் குறையவில்லை என்று வரைபடத்தோடு நிரூபித்திருந்தார் ஆசிரியர். உண்மையில் மேரிக்கு அறுபது, கருப்பாயிக்கு ஐம்பது; அறிக்கையில் இருவருக்கும் ஐம்பத்தைந்து என்று போட்டிருந்தது. சராசரி துல்லியமாக வந்துவிட்டது. பொருளாதாரத்துக்கு அது போதும். நோட்டீஸ் போர்டில் ஐம்பத்தெட்டு ஏறியது. கருப்பாயி செக்‌ஷன் முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தாள். ஆனந்தமேரியும் ஒன்று வாங்கிக்கொண்டார். பல் இல்லாத பக்கத்தில் அதை வெகுநேரம் ஒதுக்கி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேட்டு ஞானஸ்நானப் புத்தகத்தின் நகல் வாங்கினார். திங்கட்கிழமை மத்தியானம் டைம் ஆபீசில் குமாஸ்தா குருசாமியின் முன்னால் அதை வைத்தார்.

"எனக்கு அறுவது ஆயிருச்சுங்கய்யா. புது சட்டப்படிக்கே ரெண்டு வருசம் கூட நின்னுட்டேன். கணக்க முடிச்சு விட்டுருங்க."

குருசாமி அதை இரண்டு தரம் படித்தார். கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, என்ன காரியம் செய்யிற? இத நான் வாங்குனா நீ பொய் வயசு குடுத்துச் சேந்தவன்னு ஆகும். அதுக்கு ரிட்டயர் கெடையாது, டிஸ்மிஸ். கிராஜுவிட்டில காலணா வராது."

"முப்பத்தோரு வருசம் பாத்த வேல பொய்யில்லீங்களே."

"வேல பொய்யின்னு யாரு சொன்னா? ஆளுதான் பொய்." நகலை மடித்து அவர் பக்கமாகத் தள்ளினார். "மூணு வருசம் பல்லக் கடிச்சுக்க. நான் இதப் பாக்கல."

"நீங்க பாக்கலன்னா நான் வேற யாருகிட்டப் போயி கெழவியாகுறது?"

குருசாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, லெட்ஜரைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஆனந்தமேரி வெளியே வந்தார். செக்‌ஷனுக்குப் போகிற வழியில் வேப்பமரத்தடியில் முதலாளியைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் தொழிலாளி யாரும் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததா என்றால், அதுவும் இல்லை. அவர் உட்கார்ந்தார்.

கால்மணி நேரம் கழித்து சடையாண்டி தேடிக்கொண்டு வந்தார். "ஏம்மா மேரி, மிஷின் சும்மா ஓடுது. இங்கன ஒக்காந்து என்ன பண்ற?"

ஆனந்தமேரி நகலை நீட்டினார். சடையாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நீ கொறச்சது அஞ்சு வருசந்தானா? நான் ஏழு கொறச்சேன்."

பெஞ்சின் அடுத்த மூலையில் தானும் உட்கார்ந்தார். மேஸ்திரியாகி இருபது வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உள்ளே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எது யாருடையது என்று சத்தத்திலேயே இருவருக்கும் தெரியும்.

"செத்த நேரம் இருப்போம்" என்றார் சடையாண்டி.

இருந்தார்கள். முதலில் எழுந்தது சடையாண்டிதான். பெஞ்சின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தவணையாக எழுந்தார். பிறகு ஆனந்தமேரி எழுந்து, காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, மீதி மூன்று வருஷத்துக்கு உள்ளே போனார்.